இடது சுவர்

தொலோசாவில் மழை விட்ட ஒரு வியாழக்கிழமை
மருந்துக்கடை மூலையில்
என் பாதித் தெரு காணாமல் போனது.
இருட்டில்லை.
இருட்டென்றால் கறுப்பாவது தெரியும்.
உங்கள் பிடரிக்குப் பின்னால் இப்போது என்ன நிறம்?
அந்த நிறம்.

கடுகளவு ரத்தக்கட்டி, வலப்பக்கப் பின்மண்டையில்.
கண் இரண்டும் பழுதில்லை.
இடப்பக்கத்து வெளிச்சத்தையெல்லாம்
ஒழுங்காக அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன,
வாங்கிக்கொள்ள வீட்டில் ஆளில்லை.

இருபத்தாறு வருஷம் வெறுங்கையால் பந்தடித்தவன் நான்.
எங்கள் ஆடுகளத்துக்கு முன்னால் ஒரு சுவர்,
இடப்பக்கம் நீளமாய் இன்னொரு சுவர்.
வலப்பக்கம் திறந்திருக்கும்: ஜனம், பந்தயப் பணம், சுருட்டுப் புகை.
இடது சுவரை நம்பித்தான் பிழைப்பு.
கடவுள் குறி தப்பாமல் அடித்திருக்கிறார்.

கராசி இப்போதெல்லாம் வலப்பக்கமாகவே வருகிறாள்.
இடமிருந்து வந்தால்
ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு மனுஷி முளைப்பாள்,
காப்பி என் சட்டையில்.
நாளிதழில் எந்த வரிக்கும் தலையில்லை.

தொனோஸ்தியா ஆஸ்பத்திரியில் டாக்டர் லெதூரியா
திரையின் இடது ஓரத்தில் எதையோ காட்டி
"மேலே போகிறதா, கீழேயா?" என்றார்.
ஒன்றும் தெரியவில்லை என்றேன்.
"தெரிய வேண்டாம். சும்மா சொல்லுங்கள்."
சும்மா சொன்னேன்,
சீட்டு விளையாடத் தெரியாதவன் சீட்டை இறக்குவது மாதிரி.
நாற்பதில் முப்பத்தைந்து சரி.
அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.
என் வாயால் வேறு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்.

காகிதத்தில் வரைந்து காட்டினார்.
பெரிய சாலை பின்மண்டைக்குப் போகிறது,
பாலம் உடைந்தது அங்கே.
ஆனால் நடுமூளையில் அவரைக்கொட்டைபோல் சிறு மேடுகள்,
கண்ணிலிருந்து அவற்றுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை.
சாலை போடுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.
தவளை ஈயைப் பிடிப்பது அந்த வழியில்தான்.
பெயர், முகம், அழகு எதற்கும் அதில் இடமில்லை.
வருகிறது, விலகு.
வருகிறது, பிடி.
அவ்வளவுதான் சரக்கு.

மே மாதம்
ஆடுகளத்தில் மறந்துவைத்த சாவியை எடுக்கப் போனேன்.
பையன்கள் இருவர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
சுவரில் ஒரு சத்தம்.
அப்புறம் என் இடது உள்ளங்கை எரிந்தது.
பார்க்க வேண்டுமானால் முழுத் தலையையும் திருப்பியாக வேண்டும்.
திருப்பினேன்.
பந்து கையில் இருந்தது.
பையன்கள் கைதட்டினார்கள்.
யாருக்கென்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

மறுநாள் வேண்டுமென்றே போனேன்.
"போடுங்கடா" என்றேன்.
காலை ஊன்றி, கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.
முதல் பந்து காதில்.
இரண்டாவது தாடையில்.
மூன்றாவதைப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை.
நான் கூப்பிட்டால் வராதவன் அவன்.
நான் அசந்தால் வேலை செய்பவன்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது?
ஜூனில் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து அழைப்பு.
அர்ரியேதா என்ற அதிகாரி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"இடப்பக்கம் பார்வை இல்லை என்று விண்ணப்பம்.
இடப்பக்கம் வந்த பந்தைப் பிடித்ததாகத் தகவல்.
இதில் எது பொய்?"
"இரண்டும் நிஜம். நான் பார்க்கவில்லை. கை பார்த்தது."
"படிவத்தில் ஒருவர் கையெழுத்துக்குத்தான் இடம்" என்றார்.
போட்டது கைதான்.
பெயர் மட்டும் என்னுடையது.

எழுந்து வாசலுக்கு நடந்தேன்.
படியிறங்கும்போது கராசி சொன்னாள்:
கதவுக்கு இடப்பக்கம் பித்தளைக் குடைத்தாங்கி,
இடுப்புயரம், நான்கு ஈரக் குடைகள்.
நான் தோளைச் சற்றே ஒடுக்கி
ஒரு குடைக்கும் நோகாமல் கடந்தேனாம்.
அதிகாரி பேனாவை எடுத்தாராம்.

எந்தக் குடைத்தாங்கி என்று கேட்டேன்.